எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள்: ஆன்லைன் கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆன்லைன் கேம்களைத் தயாரித்து வெளியிடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2012 மே 15 அன்று பிளிஸார்ட் நிறுவனத்தின் டயாப்லோ 3 விளையாட்டு வெளியானது. காசு கொடுத்து வாங்கியவர்களில் ஏராளமானோர் அன்று கண்ட முதல் காட்சி, லாகின் பெட்டியும் அதன்மேல் ‘பிழை 37’ என்ற வரியும்தான். சர்வர் கூட்டம் தாங்கவில்லை. யாரோடும் சேராமல், யாரோடும் மோதாமல் தனியாக ஆட நினைத்தவரும் அந்த வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஏனென்றால் கணினிப் பதிப்பில் ஆஃப்லைன் என்ற ஒன்றே கிடையாது. ‘கதாபாத்திரமும் பொருள்களும் எங்கள் சர்வரில் இருந்தால்தான் ஏமாற்று வேலையைத் தடுக்க முடியும்’ என்று அந்த நிறுவனத்தார் அதற்குக் காரணம் சொன்னார்கள்.

அதே காரணத்தை இன்றும் பலர் சொல்லி வருகிறீர்கள். ஏமாற்றுபவரைத் தடுப்பது ஒரு வேலை. எங்கள் ஐடி திருட்டுப் போகாமல் காப்பது இன்னொரு வேலை. ஆடும்போதெல்லாம் இணைய இணைப்பைக் கேட்பது மூன்றாவது. முதல் இரண்டும் எங்களுக்கு வேண்டும், இப்போது செய்வதைவிட அதிகமாகவே வேண்டும். அவற்றின் பெயரைச் சொல்லி மூன்றாவதை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டயாப்லோவையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 2000இல் வந்த டயாப்லோ 2இல் கதாபாத்திரத்தை வைக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று ஆடுபவரின் கணினி. அங்கே அது வெறும் கோப்பு. யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். அப்படித் திருத்தியவர்கள் கூடி ஆடவும் தனிக் களம் இருந்தது. மற்றொன்று நிறுவனத்தின் சர்வர். அங்கே இருக்கும் கதாபாத்திரத்தின் கோப்பு ஆடுபவர் கைக்கே வராது. தரவரிசையும் பண்டமாற்றும் அந்தப் பக்கம். வீட்டில் வளர்த்த கதாபாத்திரத்தை அங்கே கொண்டுபோக வழி கிடையாது. ஆக, தனியாக ஆடுபவரையும் போட்டிக்கு வருபவரையும் பிரித்து வைக்கும் முறை அதே நிறுவனத்தின் கையில் 12 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

2013 செப்டம்பரில் டயாப்லோ 3 கன்சோல்களுக்கு வந்தபோது இணைப்பே இல்லாமல் ஆட முடிந்தது. 2014 மார்ச் 18 அன்று ஆடுபவர்கள் தங்கள் பொருள்களை விற்று வாங்க விளையாட்டுக்குள் இருந்த ஏலக்கூடமும் மூடப்பட்டது. பாதுகாக்க வேண்டும் என்று சொன்ன அந்தச் சந்தையே போன பிறகும் கணினிப் பதிப்பில் கட்டாயம் மட்டும் அப்படியே நின்றது. இதற்கு நடுவில் 2013 மே மாதம் நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, பெருந்தொகைத் தங்கத்தை ஏலத்தில் வைத்து ரத்து செய்தால் வைத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தது. அது சர்வரில் ஓடிய நிரலின் பிழை. அத்தனை பேரும் எந்நேரமும் இணைப்பில்தான் இருந்தார்கள். இணைப்பு அதைத் தடுக்கவில்லை. சர்வர் தன் கணக்கைச் சரிபார்க்காதவரை, யாரை எவ்வளவு நேரம் இணைப்பில் கட்டிப்போட்டாலும் பயன் இல்லை.

அப்படியானால் ஏமாற்றுவதைத் தடுப்பது எது? ஆடுபவரின் கணினி சொல்வதை நம்பாத சர்வர்தான். ‘நான் இந்த இடத்தில் நிற்கிறேன், அவன் தலையில் சுட்டுவிட்டேன்’ என்று கிளையன்ட் (ஆடுபவரின் கணினியில் ஓடும் நிரல்) சொல்ல, சர்வர் அதை அப்படியே ஏற்றால் கதை முடிந்தது. கிளையன்ட் சொல்ல வேண்டியது ‘இந்தப் பொத்தானை அழுத்தினேன், இந்தத் திசையில் பார்த்தேன்’ என்பது மட்டும். குண்டு பட்டதா என்பதைச் சர்வர் தீர்மானிக்கட்டும். வேலரன்ட் என்ற சுடும் விளையாட்டின் சர்வர் நொடிக்கு 128 டிக் ஓடுகிறது (சர்வர் ஆட்டத்தின் நிலையை ஒருமுறை கணக்கிடுவது ஒரு டிக்), அதாவது ஒரு டிக்குக்கு 7.8 மில்லிநொடி. நொடிக்கு 6 மீட்டர் ஓடும் பாத்திரம் ஒரு டிக்கில் 5 சென்டிமீட்டருக்கு மேல் நகர முடியாது. நகர்ந்தால் அது ஸ்பீடுஹேக், வேகத்தைக் கூட்டும் ஏமாற்று.

இதிலும் அவசரப்பட்டால் தப்பாகும். மொபைல் டேட்டாவில் ஆடுபவரின் பாக்கெட்டுகள் (தகவல் துணுக்குகள்) கால் நொடி தேங்கிவிட்டு ஒரே கொத்தாக வந்து சேரும். ஒவ்வொரு டிக்கையும் தனித்தனியாகச் சோதிக்கும் சர்வர், நெட் மோசமான அப்பாவியைத்தான் பின்னால் இழுத்துத் தள்ளும். கடந்த சில நொடிகளில் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது, அதற்குள் எவ்வளவு தூரம் போனார் என்று கூட்டிப் பார்த்து, சிறிது தளர்வும் விட வேண்டும். கொத்தாக வந்தாலும் கூட்டுத்தொகை சரியாக இருக்கும். ஸ்பீடுஹேக்கில்தான் கூட்டுத்தொகை எகிறும்.

சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் வால்ஹேக் விஷயத்தில் வழி இன்னும் எளிது. சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிரியின் இடம் ஆடுபவரின் கணினிக்கு வந்து சேர்வதால்தானே சீட் (ஏமாற்று நிரல்) அதைத் திரையில் வரைகிறது? அனுப்பாவிட்டால் வரைய ஒன்றும் இல்லை. வேலரன்ட் இதைச் செய்கிறது: எதிரி கண்ணில் படப்போகும் நேரம் நெருங்கும்வரை அவர் இருக்கும் இடத்தைச் சர்வர் அனுப்புவதில்லை. சரியாகப் பார்வைக்கு வரும் கணத்தில்தான் அனுப்புவேன் என்றால், பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) அதிகம் உள்ளவருக்கு எதிரி காற்றிலிருந்து குதித்ததுபோல் தோன்றுவார். அரை நொடி முன்னதாக அனுப்பினால் அந்தச் சிக்கல் தீரும். சீட் போட்டவருக்குக் கிடைக்கும் லாபமும் மூலைக்குப் பின்னால் சுமார் 3 மீட்டரோடு நின்றுவிடும். பிசிஐஇ கார்டு என்ற வன்பொருள் அட்டை ஒன்றைச் செருகி, இரண்டாவது கணினியிலிருந்து முதல் கணினியின் நினைவகத்தைப் படிக்கும் டிஎம்ஏ சீட்டுகள் இப்போது விற்பனையில் இருக்கின்றன. முதல் கணினியில் ஓடும் ஆன்ட்டி-சீட் (ஏமாற்றைப் பிடிக்கும் மென்பொருள்) அதைப் பார்ப்பது மிகக் கடினம். ஆனால் நினைவகத்துக்கே வராத தகவலை எந்தக் கார்டும் படிக்க முடியாது.

தானாகவே எதிரியைக் குறிபார்க்கும் எய்ம்பாட் வேறு ரகம். மவுஸ் அசைவு உண்மையான அசைவுபோலவே சர்வருக்கு வந்து சேரும் என்பதால், மேலே சொன்ன எந்தச் சோதனையிலும் சிக்காது. ஒரு குண்டை வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்லவும் முடியாது. நூறு மோதல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். எதிரி தெரிந்ததும் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகும். அது சில நேரம் குறையும், சில நேரம் கூடும். அந்த ஏற்ற இறக்கம் ஒருவருக்கு மட்டும் இல்லவே இல்லையென்றால் சந்தேகப்படலாம். சந்தேகம் வந்ததும் ரீப்ளேயை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதற்குச் செலவு ஆகும், தெரியும். போட்டி விளையாட்டு நடத்துவதன் செலவு அது.

கெர்னல் அளவில், அதாவது இயங்குதளத்தின் மையம்வரை, இறங்கும் ஆன்ட்டி-சீட்டை ஒட்டுமொத்தமாக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சீட்டும் கெர்னலில் இறங்கிவிட்டதால் மேலே நின்று பார்த்தால் தெரியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் நிறுவுவது ஒரு டிரைவர், கெர்னலுக்குள் முழு உரிமையோடு ஓடும் நிரல். அதில் ஓட்டை இருந்தால் முழுக் கணினியும் போகும். 2016இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5உடன் கேப்காம் அனுப்பிய டிரைவர், எந்த நிரலும் கெர்னல் உரிமையோடு ஓட வழிவிட்டது. வேகவேகமாகத் திரும்பப் பெற்றார்கள். 2022இல், கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஆன்ட்டி-சீட் டிரைவரை எடுத்து, அந்த விளையாட்டே நிறுவப்படாத கணினிகளில் ஆன்ட்டிவைரஸை நிறுத்தப் பயன்படுத்தியது. டிரைவரில் முறையான கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் அதை நம்பிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது. கெர்னலில் சிறு தவறு என்ன செய்யும் என்பதற்கு 2024 ஜூலை 19 போதும். அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. டிரைவர் விளையாட்டு ஓடும்போது மட்டும் ஏறட்டும். கணினி தொடங்கும்போதே ஏறித்தான் தீர வேண்டும் என்றால், நிறுவும் முன்பே பெரிய எழுத்தில் சொல்லுங்கள். விளையாட்டை நீக்கினால் அதுவும் நீங்கட்டும். ஓட்டை தெரிந்த பழைய பதிப்பை மைக்ரோசாஃப்டின் தடைப்பட்டியலில் சேர்க்க நீங்களே முன்வந்து கேளுங்கள். தனியாள் பகுதியை ஆடுபவரின் கணினியில் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பேன் செய்வதில், அதாவது ஒருவரை விளையாட்டிலிருந்து தடை செய்வதிலும் ஒரு வார்த்தை. 2010இல் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரை, ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் தவறாகப் பேன் செய்தது. பிறகு பேனை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கு ஒரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது. 2023 அக்டோபரில் ஏஎம்டி தன் கிராஃபிக்ஸ் டிரைவரில் கொண்டுவந்த ஒரு வசதியை ஆன் செய்த காரணத்துக்காகவே கவுன்டர்-ஸ்டிரைக் 2இல் பலருக்குப் பேன் விழுந்தது. 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் வட அமெரிக்க இறுதிப் போட்டி நேரலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு வீரர்களின் திரையில் அவர்கள் கேட்காமலேயே சீட் திறந்துகொண்டது. ஒருவருக்கு வால்ஹேக், இன்னொருவருக்கு எய்ம்பாட். போட்டியையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து வேறொருவர் திணிக்க முடிகிற ஒன்றை, ‘உன் கணினியில் இருந்தது’ என்ற ஒற்றைச் சாட்சியத்தால் ஆயுள் தண்டனையாக்க முடியுமா? பேன் கடிதத்தில் எந்த மேட்ச், எந்தத் தேதி, எந்த வகை ஏமாற்று என்ற மூன்றையும் எழுதுங்கள். கண்டுபிடித்த உத்தியைச் சொல்ல வேண்டாம். மேல்முறையீட்டை ஒரு மனிதர் படிக்கட்டும்.

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் கணக்கில் எடுங்கள். இந்தியாவில் மொபைல் இணைப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பது வழக்கம். ஒருவருக்காக ஐபியைத் தடுத்தால் ஒரு தெருவே வெளியே நிற்கும். கேமிங் சென்டரில் ஒரு கணினியை ஹார்டுவேர் ஐடி (கணினியின் வன்பொருள் அடையாளம்) கொண்டு பேன் செய்தால், சீட் போட்டவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். பேன் விழுவது அடுத்து வந்து உட்காரும் பையனுக்கு. கரன்ட் போய், ரவுட்டர் மறுபடி உயிர்பெற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள், ஆடிக்கொண்டிருந்தவரை ஓடிப்போனவர் என்று பதிந்து ரேங்கைக் குறைக்கிறீர்கள். மறுபடி சேர 5 நிமிட அவகாசம் கொடுங்கள். அடிக்கடி, அதுவும் தோற்கும்போது மட்டும், காணாமல் போகிறவரை வரலாற்றைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

இனி கணக்குத் திருட்டு. 2015 டிசம்பரில் வால்வ் வெளிப்படையாகவே எழுதியது: ஸ்டீமில் மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்படுகின்றன என்று. இவர்களெல்லாம் அசட்டையானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. திருட்டு எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் புரியும்.

நண்பரின் ஐடியிலிருந்தே ஒரு செய்தி வரும். எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு என்றோ, ஸ்கின் (விளையாட்டுக்குள் வரும் அலங்காரப் பொருள்) இலவசம் என்றோ. லிங்கைத் தொட்டால் லாகின் ஜன்னல் ஒன்று எழும். முகவரிப் பட்டை, பூட்டுக் குறி, சரியான இணைய முகவரி எல்லாம் இருக்கும். ஆனால் அது ஜன்னலே இல்லை, பக்கத்துக்குள் வரைந்த படம். அதைப் பிடித்து பிரவுசரின் ஓரத்துக்கு வெளியே இழுத்துப் பாருங்கள், வெளியே வராது. அங்கே தட்டும் பாஸ்வேர்டும் ஆறு இலக்க எண்ணும் அந்த நொடியே திருடரிடம் போய்ச் சேரும். அவர் உண்மையான தளத்தில் அவற்றைப் போட்டு உள்ளே நுழைந்துவிடுவார். இன்னொரு வழி, இலவச சீட் என்று சொல்லித் தரப்படும் கோப்பு. அதைத் திறந்ததும் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று காட்ட பிரவுசரில் இருக்கும் செஷன் டோக்கனைத் திருடிக்கொண்டு போகும். டோக்கன் கையில் இருந்தால் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

உள்ளே வந்ததும் திருடர் செய்வது எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் மின்னஞ்சல் முகவரியை மாற்றுவார், பிறகு போன் எண்ணை நீக்குவார், மற்ற சாதனங்களையெல்லாம் லாக்அவுட் செய்வார், ஸ்கின்களை வேறு கணக்குக்கு அனுப்புவார். பத்து நிமிடம் கூட ஆகாது. ஆகவே உங்கள் பூட்டு லாகினில் மட்டும் இருந்தால் போதாது, இந்த நான்கு செயல்களிலும் இருக்க வேண்டும். மின்னஞ்சல் மாற்றக் கேட்டால் 72 மணி நேரம் காத்திருக்க வையுங்கள். அந்த நேரம் முழுதும் பழைய முகவரிக்குப் போன ரத்து லிங்க் உயிரோடு இருக்கட்டும். டோக்கனை அது பிறந்த சாதனத்தோடு கட்டுங்கள், வேறு கணினியிலிருந்து வந்தால் செல்லாததாக்குங்கள். பொருளை அனுப்பும்போது மறுபடி சரிபார்ப்புக் கேளுங்கள். போனில் உறுதிசெய்யாத பரிமாற்றத்தை ஸ்டீம் 15 நாள்வரை நிறுத்தி வைக்கிறது. 2025 முதல், பரிமாறப்பட்ட கவுன்டர்-ஸ்டிரைக் 2 பொருள்களை 7 நாளுக்குள் திரும்ப வாங்கவும் முடிகிறது. இதனால் வியாபாரம் செய்பவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் திருடருக்குத் தொழிலே படுத்துவிடும்.

எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். வேலைக்காக வளைகுடா நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர், ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவார். இந்தியாவில் அப்படித் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். அதன்பின் இவருடைய ஐடியின் சாவி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் ஒலிக்கும். இவருக்கோ உள்ளே போகவும் வழியில்லை, எண்ணை மாற்றவும் வழியில்லை, ஏனென்றால் மாற்ற வேண்டுமென்றாலும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி போகும். ஆத்தென்டிகேட்டர் ஆப் வசதியை எல்லோருக்கும் கொடுங்கள். நெட் இல்லாமலே 30 நொடிக்கு ஒரு எண் தரும், போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ இருக்கும் சாவியான பாஸ்கீ அதைவிட மேல். அது தளத்தின் உண்மையான முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால், முன்பு சொன்ன வரைந்த ஜன்னலில் வேலையே செய்யாது. பதிவு செய்யும் அன்றே பத்து மீட்புக் குறியீடுகளைக் கொடுத்து, தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

திருட்டு எப்போதும் ஆடுபவர் பக்கத்திலிருந்துதான் நடக்கிறது என்பதும் இல்லை. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைந்தவர்களிடம் சிக்கியவை சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள். சேவை மூன்று வாரத்துக்கு மேல் நின்றது. தனியாக ஆடவும் கணக்குத் திறக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும், இழக்கக்கூடிய இன்னொரு விவரத்தை நீங்கள் சேர்த்து வைக்கிறீர்கள்.

இங்கேதான் மூன்றாவது விஷயத்துக்கு, எந்நேர இணைப்புக்கு, வருகிறோம். 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர் 30 மணி நேரத்துக்கும் மேல் படுத்தது. அத்தனை நேரமும் தனியாள் பகுதியின் பெரும்பங்கைத் தொட முடியவில்லை. 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் விளையாட்டில் பெரும்பகுதியைத் தனியாகவே ஓட்டி முடிக்கலாம். 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க்கில் வாங்கியவர்களுக்கும் அது திறக்கவில்லை. அதன்பின் பலருடைய கணக்கிலிருந்து உரிமமே எடுக்கப்பட்டது. விற்ற விளையாட்டைச் செயலிழக்க வைக்கக்கூடாது என்று கோரி, யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய இயக்கம் அங்கிருந்துதான் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது முன்வைத்த மனு, தேவையான 10 லட்சம் கையெழுத்தை 2025 ஜூலையில் தாண்டியது. கலிஃபோர்னியாவிலோ, உரிமம் மட்டுமே தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதக்கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

முடியாது என்று சொல்லாதீர்கள். 2013இல் சிம்சிட்டி விளையாட்டுக்கு இணைப்பு இல்லாமல் வழியில்லை என்று அதன் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். ஓர் ஆண்டு கழித்து ஆஃப்லைன் வசதியை அவர்களே கொடுத்தார்கள். 2023இல் நாக்அவுட் சிட்டி மூடப்பட்டபோது, விண்டோஸில் ரசிகர்களே சர்வர் நடத்தும் பதிப்பை அதன் தயாரிப்பாளர்கள் இலவசமாக வெளியிட்டார்கள். அது முழுக்க முழுக்கப் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு.

செய்ய வேண்டிய வேலையும் மலையளவு இல்லை, முதல் நாளே திட்டமிட்டால். சர்வர் முகவரியை நிரலுக்குள் புதைக்காமல் ஒரு அமைப்புக் கோப்பில் வையுங்கள். லாகின் சோதனையைத் தனிப் பகுதியாகக் கட்டினால் கடைசி அப்டேட்டில் கழற்றிவிடலாம். ஆடுபவர்களைச் சேர்த்துவிடும் மேட்ச்மேக்கிங் போனாலும், ஐபி முகவரி தட்டி நேராகச் சேரும் வழி இருக்கட்டும். கணக்கில் இருக்கும் சேமிப்பைக் கோப்பாக இறக்க ஒரு பொத்தான் வேண்டும். ஆன்ட்டி-சீட்டை அணைக்க ஒரு சுவிட்சும் வேண்டும், இல்லாவிட்டால் தன் சர்வரைக் காணாமல் அதுவே விளையாட்டைத் திறக்கவிடாது. பாட்டு, கார் உரிமங்கள் காலாவதியாவதைக் காரணம் காட்டுவீர்கள். ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்கு அவை என்றும் செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

உயிரோடு இருக்கும் விளையாட்டில், வாங்கியவர்தானா என்று சோதிக்கவும் எந்நேர இணைப்பு தேவையில்லை. ஒருமுறை லாகின் செய்ததும், உங்கள் ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டை அந்தச் சாதனத்தில் வையுங்கள். விளையாட்டுக்குள் இருக்கும் பொதுச் சாவியே அதைச் சரிபார்த்துக்கொள்ளும். 30 நாளுக்கு ஒருமுறை, நெட் கிடைக்கும்போது புதுப்பித்தால் போதும். புயல் வந்து நான்கு நாள் கரன்டும் டவரும் இல்லாமல் இருந்த ஊரில், லேப்டாப்பில் மிச்சமிருக்கும் சார்ஜில் ஒரு சிறுவன் தன் விளையாட்டைத் திறக்க அதுவே வழி.

அடுத்து நீங்கள் வெளியிடும் விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில், விலைக்குப் பக்கத்திலேயே, நான்கு வரி எழுதுங்கள்: எந்தப் பகுதிக்கு இணைப்பு வேண்டும், இணைப்பு இல்லாமல் எத்தனை நாள் ஓடும், கெர்னல் டிரைவர் நிறுவப்படுமா, சர்வரை எந்தத் தேதிவரை நிச்சயம் நடத்துவீர்கள். பதில்களைப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆன்லைன் கேம்களை ஆடியும், அவற்றுக்கான சர்வர்களைப் பராமரித்தும் வரும் சிலர்